புது லேப்டாப்... ஆர்.சி. புக் யார் பேர்ல இருக்கு பாஸ்?

பெட்டி வந்தாச்சு! அப்பா எல்.ஐ.சி. பாலிசியில் லோன் போட்டோ, அம்மா சீட்டு எடுத்தோ, அண்ணன் இ.எம்.ஐ.-க்கு கிரெடிட் கார்டைத் தேய்த்தோ... எப்படியோ ஒரு லேப்டாப் வீட்டுக்குள் வந்தே விட்டது. பெட்டிக்கு மஞ்சள், குங்குமம் வெச்சு, சாமி படத்துக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் உட்கார வெச்சும் எடுத்தாச்சு. அடுத்து?

‘‘நீ எதையாவது அமுக்கிக் கெடுத்துடப் போறே. கடைக்காரத் தம்பிகிட்டயே கொடு, எல்லாத்தையும் போட்டுக் கொடுத்துடுவாரு!’’

வீட்டுக்கு வீடு கேட்கிற டயலாக் இது. கடைக்காரத் தம்பியும் நல்லவர்தான். ஆனா, அவர் முன்னாடி இன்னும் நாலு பெட்டி க்யூவில் நிற்குது. உங்க மெயில் ஐ.டி. கேட்டு, ஸ்பெல்லிங் கேட்டு, போனுக்கு வர்ற ஓ.டி.பி. கேட்டு... அதுக்கெல்லாம் அவருக்கு ஏது நேரம்? கடையில் ஏற்கெனவே ஒரு மெயில் ஐ.டி. ரெடியா இருக்கும். அதைத் தட்டுகிறார். அரை மணி நேரத்தில் வேலை முடிஞ்சது. ‘‘பின் நம்பர் 1234 தம்பி. அப்புறமா மாத்திக்குங்க!’’

நீங்களும் வீட்டுக்கு வந்து சமத்தா பின் நம்பரை மாத்தறீங்க. வால்பேப்பர்ல தலயோ தளபதியோ ஏறியாச்சு. பார்க்கிறதுக்கு எல்லாமே உங்களோடதுதான். ஆனா, உள்ளே அந்த லேப்டாப் இன்னமும் கடைக்காரர் பேர்லதான் ஓடிக்கிட்டு இருக்கு!

புது பைக் எடுத்தா, ஆர்.சி. புக் யார் பேர்லனு பார்க்காம சாவியை வாங்குவோமா? ‘ஷோரூம்காரர் பேர்லயே இருக்கட்டும், ஓட்டப் போறது நான்தானே’னு சொல்வோமா? ஐம்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் மட்டும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கோம். லேப்டாப்புக்கு ஆர்.சி. புக்னு தனியா ஒண்ணு இல்லை. முதன்முதலா ஆன் பண்ணும்போது எந்த அக்கவுண்ட் கொடுக்கறீங்களோ, அதுதான் ஆர்.சி. புக்!

அண்ணன் காலத்து ஃபார்முலா

‘‘நாங்கள்லாம் லேப்டாப் வாங்கினப்ப இப்படி எதுவும் கேட்கலையே!’’ என்பார் உங்க அண்ணன். அவர் பொய் சொல்லலை. 2011 செப்டம்பர் 15-ம் தேதி தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. ப்ளஸ் டூ முடிச்சவங்களும் கல்லூரி மாணவர்களும் லேப்டாப் பையோடு பஸ் ஏறின காலம். எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். ஆன் பண்ணினா, விண்டோஸா, நம்ம சென்னை சி-டாக் உருவாக்கின ‘பாஸ்’ லினக்ஸானு கேட்கும். ஒண்ணைத் தொட்டு, பேர்னு கேட்கிற இடத்தில் ‘ராஜா’னு போட்டா போதும். உள்ளே போயிடலாம். மெயில் ஐ.டி. கிடையாது, இன்டர்நெட் கிடையாது. யார் ஆன் பண்ணினாலும் ஒண்ணுதான்.

மெயில் ஐ.டி. கொடுத்து விண்டோஸுக்குள் போற பழக்கம் 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் ஆரம்பிச்சது. அப்போ அது விருப்பம்தான். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. வீட்டு உபயோகத்துக்கான ‘ஹோம்’ எடிஷனில் இன்டர்நெட்டும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டும் இல்லாம முதல் வாசலையே தாண்ட முடியாதுனு ஆக்கினாங்க. சீனியர்கள் சொல்லித் தர்ற குறுக்கு வழிகளையும் மைக்ரோசாஃப்ட் ஒவ்வொண்ணா அடைச்சுக்கிட்டே வருது. நாம கடையில் வாங்குற லேப்டாப்பில் பெரும்பாலும் இருக்கிறது இந்த ஹோம் எடிஷன்தான். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோட முடிஞ்சு போச்சு. அதனால, ‘பழசையே போட்டுக் கொடுங்கண்ணே’ங்கிறதும் வேலைக்கு ஆகாது.

2025 மார்ச் பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்போறதா தமிழக அரசு அறிவிச்சது. கடையில் வாங்கினாலும் அரசு கொடுத்தாலும், முதல் தடவை ஆன் பண்றப்போ வர்ற கேள்விகள் ஏறக்குறைய ஒண்ணுதான்.

48 நம்பர் சாவி

‘சரி, கடைக்காரர் அக்கவுண்ட்னே இருக்கட்டும். அவர் என்ன, நம்ம செமஸ்டர் நோட்ஸைத் திருடப் போறாரா?’ திருட மாட்டார். பிரச்னை வேற!

2024-ல் வந்த 24ஹெச்2 வெர்ஷனோட வர்ற புது விண்டோஸ் 11 லேப்டாப்களில், ஹார்டு டிஸ்க்கில் இருக்கிற எல்லாத்தையும் விண்டோஸ் தானாகவே பூட்டி வைக்குது. ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’னு பேர். உங்க ஃபைல்கள் எல்லாம் புரியாத கிறுக்கலாத்தான் டிஸ்க்கில் கிடக்கும். மதர்போர்டில் இருக்கிற டி.பி.எம்.ங்கிற பாதுகாப்புச் சிப் சாவியைக் கொடுத்தாத்தான் அது படிக்கிற மாதிரி மாறும். தினமும் ஆன் பண்ணும்போது இதெல்லாம் கண் மூடித் திறக்கிறதுக்குள் நடந்து முடியறதால, பூட்டு இருக்கிறதே நமக்குத் தெரியாது.

ஆனா, அந்தச் சிப்புக்குச் சந்தேகம் வர்ற நாள் ஒண்ணு இருக்கு. மதர்போர்டு மாத்தினா வரும். டிஸ்க்கைக் கழற்றி வேற லேப்டாப்பில் மாட்டினா வரும். பயாஸ் செட்டிங்கில் கை வெச்சா வரும். சில சமயம் பயாஸ் அப்டேட் முடிஞ்ச கையோடும் வரும். ‘இது திருட்டு வேலையோ?’னு நினைச்சு சாவியைக் கொடுக்க மறுத்துடும். நீலக் கலர்ல ஒரு ஸ்க்ரீன் வந்து, ‘ரெக்கவரி கீ’யைப் போடுனு கேட்கும். மொத்தம் 48 இலக்கம். உங்க பின் நம்பர், பாஸ்வேர்டு எதுவும் அங்கே செல்லாது.

அந்த 48 நம்பர் எங்கே இருக்கு? முதன்முதலா அட்மினா உள்ளே நுழைஞ்சது யாரோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோ, அதுக்குள்ளதான் விண்டோஸ் அதைப் பத்திரமா அனுப்பி வெச்சிருக்கும். அதாவது... கடைக்காரர் அக்கவுண்டுக்குள்!

இப்போ ஒரு ஃபைனல் இயர் ஹீரோவைக் கற்பனை பண்ணிக்குங்க. ப்ராஜெக்ட் வைவாவுக்குப் பத்து நாள்தான் இருக்கு. லேப்டாப் திடீர்னு ஆன் ஆக மாட்டேங்குது. வாரன்டி இருக்கிறதால சர்வீஸ் சென்டர்ல மதர்போர்டை ஃப்ரீயாவே மாத்திக் கொடுத்துட்டாங்க. சந்தோஷமா வந்து ஆன் பண்ணினா, நீல ஸ்க்ரீன். கடைக்கு ஓடுறார். மூணு வருஷம் முன்னாடி போட்டுக் கொடுத்த தம்பி வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. அந்த மெயில் ஐ.டி.-யோட பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இல்லை. மைக்ரோசாஃப்ட்டைக் கேட்டாலும், தொலைஞ்ச ரெக்கவரி கீயை எங்களால திரும்ப உருவாக்க முடியாதுனுதான் பதில் வரும். அவங்க கையை விரிக்கிறது அலட்சியத்தால இல்லை. அந்தப் பூட்டே அப்படித்தான் செஞ்சிருக்கு. கடைசியா எல்லாரும் சொல்ற ஒரே வழி, ‘‘ஃபார்மட் பண்ணிடலாமா தம்பி?’’

ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கோடு, ஸ்கேன் பண்ணி வெச்ச மார்க் ஷீட், மூணு வருஷ ஹாஸ்டல் போட்டோ எல்லாம் டிஸ்க்கில் அப்படியே இருக்கு. திறக்கத்தான் ஆள் இல்லை. மதர்போர்டு மாத்துற நிலைமை எல்லாருக்கும் வர்றதில்லைதான். ஆனா, அது யாருக்கு வரும்னு பெட்டியைப் பிரிக்கிற அன்னிக்கு யாருக்குத் தெரியும்?

‘அப்போ இந்த என்கிரிப்ஷனையே ஆஃப் பண்ணிட்டா?’ என்று கேட்கிறவங்க நிறைய பேர். பண்ணலாம், செட்டிங்ஸில் இடம் இருக்கு. என் கட்சி, பண்ணாதீங்க. ஊருக்குப் போற பஸ்ல லேப்டாப் பையை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கனு வைங்க. பூட்டு இருந்தா திருடனுக்குக் கிடைக்கிறது பெட்டி மட்டும்தான். இல்லைன்னா உங்க போட்டோ, சர்ட்டிஃபிகேட், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாமே அவன் கையில். குறிப்பா, பெண்களுக்கு இந்தப் பூட்டோட அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூட்டு இருக்கட்டும். சாவி நம்மகிட்ட இருக்கட்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஒரு மணி நேரம்... நீங்களே!

இதுல ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்லை. கேட்கிற கேள்விகளைப் படிச்சுப் பார்த்து பதில் சொன்னா, ஒண்ணு, ஒண்ணரை மணி நேரத்தில் முடியற வேலை.

பவர் பட்டனை அமுக்கினா ஆன் ஆகலையா? ‘ஐயோ, டப்பா பீஸைத் தள்ளிட்டாங்க’னு பதறாதீங்க. பேட்டரியைத் தூங்க வெச்சுத்தான் பல கம்பெனிகள் பேக் பண்ணி அனுப்புது. சார்ஜரைச் சொருகினா முழிச்சுக்கும். ‘முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ்ல போட்டுட்டுத்தான் தொடணும்’ங்கிறது பழைய நிக்கல் பேட்டரி காலத்து வேதம். இப்போ இருக்கிற லித்தியம் பேட்டரிக்கு அந்தச் சடங்கு தேவையில்லை. சார்ஜரைப் போட்டுக்கிட்டே வேலையை ஆரம்பிக்கலாம்.

நாடு இந்தியா. இதுல குழப்பம் இல்லை. நேரம் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூடெல்லி’னு இருந்தா சரி. (அகர வரிசைப் புண்ணியத்தில் நம்ம ஊருக்கு முதல் மரியாதை!) அடுத்து வர்ற கீபோர்டு கேள்வியில்தான் நிறைய பேர் வழுக்கி விழுறாங்க. ‘இங்கிலீஷ்னா இங்கிலாந்துதானே’னு யுனைடெட் கிங்டம் கீபோர்டைத் தேர்ந்தெடுத்தா முடிஞ்சது கதை. ஷிஃப்ட்டோட 2-ஐ அமுக்கினா, மெயில் ஐ.டி.-யில் வர்ற அந்தச் சுழிச்ச ‘அட்’ குறிக்குப் பதிலா மேற்கோள் குறி வரும். ‘கீபோர்டே ரிப்பேர்’னு கடைக்கு ஓடுவீங்க. இந்தியா இங்கிலீஷைத் தேர்ந்தெடுங்க. ஸ்பேஸ்பாருக்கு வலது பக்கம் இருக்கிற ஆல்ட்டோட 4-ஐ சேர்த்து அமுக்கினா ரூபாய் குறியே வந்து நிற்கும். 2010-ல் ஏத்துக்கிட்ட அந்தக் குறியை வரைஞ்சவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர் உதயகுமார்ங்கிறது போனஸ் தகவல்.

அப்புறம் வை-ஃபை. வீட்டில் பிராட்பேண்ட் இல்லாம மொபைல் ஹாட்ஸ்பாட்டில் செட்டப் பண்றவங்க கவனிக்கணும். புது லேப்டாப் முதல் நாள் காட்டுற அப்டேட் பசி பயங்கரம். ஜி.பி. கணக்கில் முழுங்கும். தினசரி ஒண்ணரை ஜி.பி. பேக் காலை டிபன் நேரத்துக்கே காலி! உள்ளே போனதும் அந்த வை-ஃபை பேரைத் தொட்டு ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்பதை ஆன் பண்ணிட்டா கொஞ்சம் அடங்கும். பெரிய அப்டேட்டுகளை காலேஜ் வை-ஃபை தலையில் கட்டிடலாம்.

இப்போதான் மெயின் சீன். அக்கவுண்ட்!

மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்னா அவுட்லுக் ஐ.டி.-யே வேணும்னு இல்லை. உங்க ஜிமெயில் ஐ.டி.-யை வெச்சே தொடங்கலாம். ஆனா, அது உங்க சொந்த ஐ.டி.-யா இருக்கணும். மாமாவோடது வேண்டாம். காலேஜில் கொடுத்த ஐ.டி. அதைவிட வேண்டாம். கோர்ஸ் முடிஞ்சதும் காலேஜ் அதை மூடிட்டா, பட்டம் வாங்கின கையோட சாவியையும் தொலைச்ச மாதிரி ஆயிடும். போன் நம்பர் கேட்கும்போதும், ஆஃபருக்காக வாங்கி நாலு மாசத்தில் தூக்கிப் போடற சிம் நம்பரைக் கொடுக்காதீங்க. உங்க போனோ அப்பா போனோ, பல வருஷமா மாறாத நம்பர் எதுவோ அதைக் கொடுங்க. நாளைக்கு பாஸ்வேர்டு மறந்தா ஓ.டி.பி. வரப்போறது அங்கேதான்.

இன்னொரு சமாச்சாரம். நீங்க கொடுக்கிற மெயில் ஐ.டி.-யின் முதல் அஞ்சு எழுத்தை எடுத்து, அதையே உங்க ஃபோல்டரின் பேரா விண்டோஸ் வெச்சுக்கும். அதை அப்புறமா மாத்துறது பெரிய தலைவலி. ஸ்கூல்ல படிக்கும்போது கெத்தா ‘ரவுடிபேபி’னு மெயில் ஐ.டி. ஆரம்பிச்ச ஆளா நீங்க? ப்ராஜெக்ட் வைவாவில் ப்ரொஜெக்டரை ஆன் பண்ணி கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்ததும், எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கண்ணு முன்னாடி ‘ரவுடி’னு பளிச்சுனு நிற்கும். நல்ல பேர்ல ஒரு ஐ.டி. ஆரம்பிச்சுக்கிறது உத்தமம்.

அடுத்து பின் நம்பர் வைக்கச் சொல்லும். நாலு இலக்கம்னு சாதாரணமா நினைக்க வேண்டாம். அது அந்த ஒரு லேப்டாப்புக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிற நம்பர். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டாலும், வேற கம்ப்யூட்டரில் இருந்து உங்க அக்கவுண்டுக்குள் அதை வெச்சு நுழைய முடியாது. அதுக்காக 1234 வைக்கணும்னு அர்த்தம் இல்லை!

அப்புறம் வரிசையா ‘அனுமதிக்கலாமா?’ ஸ்க்ரீன்கள். ஃபைண்ட் மை டிவைஸ் ஆன்ல இருக்கட்டும், தொலைஞ்சா உதவும். விளம்பரத்துக்காகவும் டைப்பிங் பழக்கத்தைப் பார்க்கவும் கேட்கிறதை எல்லாம் தாராளமா ‘நோ’ சொல்லுங்க. ஒரு வேலையும் நிற்காது. நடுவில் கேம் பாஸ், ஆஃபீஸ் சந்தானு ‘இலவச ட்ரையல்’ தூண்டில் வரும். கார்டு நம்பர் கேட்டா ஜூட்!

ஒன்டிரைவ் பேக்கப்புக்கு மட்டும் ஒரு நிமிஷம் நிதானிச்சு பதில் சொல்லுங்க. ஓகே கொடுத்தா டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூணையும் இன்டர்நெட்டில் ஏத்த ஆரம்பிச்சுடும். இலவசம் 5 ஜி.பி.தான். நம்ம ஆளுங்க டெஸ்க்டாப்பில் ஒரு சினிமாவைப் போட்டாலே பாதி போச்சு. அப்புறம் ‘இடம் இல்லை, காசு கட்டு’னு தினமும் நச்சரிப்பு. இணையத்தில் இடம் காலி பண்றேன்னு அங்கே அழிச்சா, லேப்டாப்பிலும் அழிஞ்சுடும். ‘என் அசைன்மென்ட் எங்கே’னு அலறின நண்பர்கள் ஏராளம். ப்ராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் அதில் வெச்சுக்கிட்டா 5 ஜி.பி. தாராளம். மத்ததுக்கு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கிக்கலாம்.

டெஸ்க்டாப் வந்துடுச்சா? பாட்டைப் போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. போன்லயே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பக்கத்துக்குப் போய், டிவைஸ் பகுதியில் உங்க லேப்டாப்பைத் தொட்டா ரெக்கவரி கீ தெரியும். அந்த 48 நம்பரையும் பேப்பர்ல எழுதி, லேப்டாப் பில் இருக்கிற ஃபைல்ல வைங்க. லேப்டாப்புக்குள்ளேயே சேவ் பண்ணி வைக்கிறது, பீரோ சாவியை பீரோவுக்குள் வெச்சுப் பூட்டுற கதை!

ஆஃபீஸும் அதே கதைதான்

நம்ம ஊர்ல விற்கிற பல லேப்டாப்களோட வேர்டு, எக்ஸல், பவர்பாயின்ட் எல்லாம் அடங்கின ஆஃபீஸ், லைஃப் டைமுக்கு இலவசமா வருது. பெட்டியில ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். ஆனா, விண்டோஸ் ஆக்டிவேட் ஆன நாளில் இருந்து 180 நாளுக்குள் அதை ஆக்டிவேட் பண்ணணும்னு ஒரு கெடு உண்டு. எந்த அக்கவுண்டில் ஆக்டிவேட் பண்றீங்களோ, அதோட ஒட்டிக்கும். அரை வருஷம் கழிச்சு, அசைன்மென்ட் டைப் பண்ற ராத்திரியில்தான் வேர்டைத் திறப்பேன்னு இருந்தா... காசு கொடுத்து வாங்கின சரக்கு கையை விட்டுப் போச்சு! அதைவிடக் கொடுமை, கடைக்காரர் அக்கவுண்டில் அது ஆக்டிவேட் ஆகியிருந்தா. உங்க ஆஃபீஸ் அவர் கணக்கில் ஏறிடும். முதல் நாளே வேர்டைத் திறந்து, உங்க பேரைப் போட்டு, ஒரு வரி டைப் பண்ணிப் பார்த்துடுங்க.

‘க்ராக் வெர்ஷன் போட்டுத் தரேன், முன்னூறு ரூபாய்தான்’ ஆசாமிகள்கிட்ட கொஞ்சம் தள்ளியே நில்லுங்க. அந்த க்ராக்குகளில் பலதும் போடுறப்பவே ‘முதல்ல ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு’னு சொல்லும். வாட்ச்மேனைத் தூங்க வெச்சுட்டு வர்றவன் நல்லதுக்கா வர்றான்? ஆன்டிவைரஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. சில லேப்டாப்களில் ஏதோ ஒரு ஆன்டிவைரஸ் முப்பது நாள் ட்ரையல்ல உட்கார்ந்துக்கிட்டு ‘ஆபத்து, ஆபத்து’னு மிரட்டும். அன்இன்ஸ்டால் பண்ணிடலாம். விண்டோஸோட வர்ற டிஃபெண்டர் தானாகவே டூட்டிக்கு வந்துடும். நம்ம பசங்க தேவைக்கு அதுவே போதும்.

‘512 ஜி.பி.-னு சொன்னாங்க, 476தான் காட்டுது. ஏமாத்திட்டாங்க பாஸ்!’ இது வருஷா வருஷம் ஹாஸ்டல்ல கேட்கிற புலம்பல். யாரும் ஏமாத்தலை. 512 ஜி.பி.-ன்னா கம்பெனி கணக்கில் 51,200 கோடி பைட். அவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க. விண்டோஸ் 1,024, 1,024-ஆ எண்ணுது. மூணு தடவை வகுத்துப் பார்த்தா சுமார் 476-தான் வரும். 256 ஜி.பி. வாங்கினவங்களுக்கு 238 காட்டும். ‘டி டிரைவ் பிரிச்சுக் கொடுங்கண்ணே’னு இதுக்குன்னு கடையில் காசு கொடுக்கிறதும் வீண்தான். ஒரே டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சா, டிஸ்க் போற அன்னிக்கு ரெண்டும் சேர்ந்துதான் போகும். அது பேக்கப் ஆகாது.

சில லேப்டாப்களில் விண்டோஸ் ‘எஸ் மோட்’ல இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல இருக்கிறதைத் தவிர எதையும் இன்ஸ்டால் பண்ண விடாது. லேப் சாஃப்ட்வேர் எதுவும் ஏறலைன்னா செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்க. இலவசமாவே வெளியே வந்துடலாம். ஆனா ஒன்வே டிக்கெட்தான், திரும்ப உள்ளே போக முடியாது. அப்படி வெளியே வந்த பிறகும் டர்போ சி நேரா ஓடாது. ரொம்பப் பழைய 16 பிட் தாத்தா அது. இன்னிக்கு இருக்கிற 64 பிட் விண்டோஸுக்கு அதோட பாஷையே தெரியாது. டாஸ்பாக்ஸ்னு ஒரு மொழிபெயர்ப்பாளரை நடுவில் உட்கார வெச்சாத்தான் அந்த நீல ஸ்க்ரீன் வரும். (இந்த நீல ஸ்க்ரீனுக்குப் பயப்பட வேண்டாம்!)

வாரன்டிக்கு ஒரு வார்த்தை. லேப்டாப் அடியில் இருக்கிற சீரியல் நம்பர், பெட்டியில் இருக்கிறது, பில்லில் இருக்கிறது... மூணும் ஒண்ணாங்கிறதைப் பாருங்க. கம்பெனி வெப்சைட்டில் அந்த நம்பரைப் போட்டா வாரன்டி எப்போ முடியுதுனு காட்டும். பெட்டி கடை அலமாரியில் தூங்கின மாசங்களையும் சேர்த்து எண்ணியிருந்தா, ஜி.எஸ்.டி. பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லிக் கேளுங்க. முதல் வாரத்திலேயே கேட்டுட்டா அலைச்சல் குறைவு. முக்கால்வாசி நேரம் சார்ஜரிலேயே கிடக்கப் போற லேப்டாப்னா, பேட்டரி செட்டிங்ல 80 சதவிகிதத்தோட சார்ஜை நிறுத்துற வசதி இருக்கானு பாருங்க. பேட்டரிக்கு ஆயுசு கூடும்.

தமிழுக்கு எதையும் டவுன்லோடு பண்ணத் தேவையில்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த ‘தமிழ் 99’ கீபோர்டு, 2019-ல் இருந்து விண்டோஸிலேயே இருக்கு. ‘அம்மா’னு இங்கிலீஷ் எழுத்தில் அடிச்சு தமிழா மாத்துற ஃபொனடிக் முறையும் உண்டு. லாங்குவேஜ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தா போதும்.

ஏற்கெனவே கடையில போட்டாச்சா?

பதற வேண்டாம், துப்பு துலக்கலாம். சி டிரைவைத் திறந்து ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் போங்க. உள்ளே யார் பேரோட முதல் அஞ்சு எழுத்து இருக்கு? உங்க பேரா, கடைப் பேரா? அடுத்து, செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பக்கம். அங்கே இருக்கிற மெயில் ஐ.டி. உங்களோடதா? அதுக்கு அப்புறம் ப்ரைவசி பக்கத்தில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன்ல இருக்கானு ஒரு பார்வை.

வாங்கி ரெண்டு நாள்தான் ஆச்சு, உள்ளே ஒண்ணும் இல்லைன்னா வழி ரொம்ப ஈஸி. ரெக்கவரி செட்டிங்கில் இருக்கிற ‘ரீசெட் திஸ் பி.சி.’-க்குப் போய், ‘ரிமூவ் எவ்ரிதிங்’கைத் தொட்டு, கூடவே கடைக்காரர்கிட்ட சொல்லி அவர் அக்கவுண்டில் இருந்தும் இந்த லேப்டாப்பை நீக்கச் சொல்லுங்க. மறுபடி பெட்டியில இருந்து எடுத்த மாதிரி ‘ஹலோ’னு ஆரம்பிக்கும். ‘விண்டோஸ் போயிடுமே, திரும்பப் போட காசு கேட்பாங்களே’ங்கிற பயம் வேண்டாம். விண்டோஸோடவே விற்கிற லேப்டாப்களில் அதோட லைசென்ஸ் மதர்போர்டுக்குள்ளேயே பதிஞ்சு இருக்கும். தானாகவே ஆக்டிவேட் ஆயிடும். ஆஃபீஸ் கடை அக்கவுண்டில் ஏறியிருந்தா மட்டும் பில்லோட போய் சண்டை போட வேண்டியதுதான். வாங்கின சூட்டோட போனா நியாயம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மூணு வருஷமா ஓட்டிட்டீங்க, உள்ளே ப்ராஜெக்ட் எல்லாம் இருக்கா? முதல்ல முக்கியமானதை எல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க. அப்புறம் உங்க சொந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டைச் சேர்த்து, அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கி, அதிலேயே உள்ளே நுழையுங்க. சார்ஜரைச் சொருகி, டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் பண்ணுங்க. முழுசா பூட்டு கழல நேரம் எடுக்கும், குறுக்கே ஷட்டவுன் பண்ணாதீங்க. முடிஞ்சதும் மறுபடி ஆன் பண்ணுங்க. இப்போ உருவாகிறது புது சாவி, அது போய் உட்காருறது உங்க அக்கவுண்டில். உடனே போன்ல போய் 48 நம்பரும் வந்துடுச்சானு பார்த்து எழுதிக்குங்க. அதுக்கப்புறம் பழைய கடை அக்கவுண்டை நீக்கிடலாம். நீக்குறப்போ அதுக்குள்ள இருந்த ஃபைல்களும் சேர்ந்து போகும். முதல்ல காப்பி எடுக்கச் சொன்னது அதனாலதான்.

இத்தனையும் முடிச்சு நிமிர்ந்தா, ஹாஸ்டல் ரூம் கதவு தட்டப்படும். ‘‘மச்சி, புது லேப்டாப்பாமே! ஒரு நிமிஷம் கொடேன், ஒரே ஒரு மெயில்...’’ கொடுக்காம இருக்க முடியாது, நண்பேன்டா! அதுக்கு செட்டிங்ஸில் ‘அதர் யூசர்ஸ்’னு ஒரு இடம் இருக்கு. ‘மச்சி’ங்கிற பேர்லயே ஒரு ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் போட்டு வைங்க. அட்மின் உரிமை மட்டும் கொடுத்துடாதீங்க.